இரண்டாம் முறை கேட்பவர்கள்

வேலூர், வாணியம்பாடிக்காரர்களுக்குப் பாலாறு என்றால் மணல். எப்போதாவது மழை கொட்டித் தீர்த்தால் சில நாள் தண்ணீர் ஓடும். பாலத்தின் மேல் நின்று ஊரே வேடிக்கை பார்க்கும். அதே ஆற்றைக் கோலார் தங்கவயலுக்குப் பக்கத்தில், பேத்தமங்களாவில் பார்த்தால் முகமே வேறு. நந்தி மலைப் பக்கம் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடும் பாலாறு, கர்நாடகத்துக்குள் இருக்கும் முதல் 93 கிலோமீட்டரிலேயே இங்கே கரை கட்டி மறிக்கப்பட்டு ஏரியாகக் கிடக்கிறது. மழை இருக்கிற வருஷம் கண்ணுக்கெட்டிய வரை நீர். இல்லாத வருஷம் கருவேலமும் வெடித்த வண்டலும்.

ஏரி ரொம்பப் பழையது. ஊரின் பழைய பெயர் விஜயாதித்தமங்கலம். பாணர் காலத்துப் பெயர். கரை உடைந்து போய், பத்தாம் நூற்றாண்டில் நொளம்ப அரசன் இரிவன் காலத்தில் திரும்பக் கட்டப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஒரு மண்கரை நிற்கிறதென்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ சிலர் அதன் விரிசலைப் பார்த்துவிட்டுச் சும்மா வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தச் சிலர் எப்படி உருவாகிறார்கள் என்பதுதான் இங்கே யோசிக்க வேண்டிய விஷயம். ‘இளைஞர்களைத் தலைவர்களாக்குவோம்’ என்று எழுதிய பேனர் தொங்காத கல்லூரி இன்றைக்கு இல்லை. மேடையில் எப்படி நிற்பது, கையை எப்படி வைத்துக்கொள்வது, மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது என்று பயிற்சி நடக்கிறது. சான்றிதழும் கொடுக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் வாங்கியவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் தெருக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்?

பாலாறு கடலை நெருங்கும் பக்கத்தில் இருக்கிறது உத்திரமேரூர். குடவோலை முறை என்றதும் எல்லோரும் சுட்டிக்காட்டும் ஊர். முதலாம் பராந்தகன் காலத்தில், 921-இல் பொறித்த கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று விதி இருக்கிறது. 35 வயதுக்கு மேல், 70-க்குக் கீழ். சொந்த நிலம், சொந்த மனை. நமக்கு முக்கியமானது தகுதிப் பட்டியலைவிடத் தகுதியிழப்புப் பட்டியல். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவர் பெயரை மட்டுமல்ல, அவருடைய அப்பா, மகன், மாமனார், மைத்துனன், மருமகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள் வரைக்கும் யார் பெயரையும் போடக்கூடாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே பினாமியை அறிந்து வைத்திருக்கிறார்கள்! ஆனால் அது பிராமணர் சபை. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர் பெயர்தான் ஓலையில் ஏறும். மண் சுமந்து கரையைப் போட்டவர்களுக்கு அந்தக் குடத்தின் பக்கம் வேலை இல்லை. முப்பத்தைந்து வயது ஆகாதவர்களுக்கும் இல்லை. பெருமைப்படுகிறவர்கள் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

குடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று பார்க்கத் தங்கவயலுக்குத்தான் வர வேண்டும்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கத்தைக் கையிலெடுத்த பிறகு, வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். பெரும்பாலோர் சேரியிலிருந்து வந்தவர்கள். 1901 கணக்கெடுப்பின்போதே தங்கவயலில் 38 ஆயிரம் பேர். மூங்கில் தட்டி வீடுகள், வரிசை வரிசையாக லைன்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. அந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே பேத்தமங்களா ஏரித் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் ஏற்றி அனுப்பவும் ஏற்பாடாயிற்று. பெரும்பாலான இந்திய நகரங்கள் விளக்கெண்ணெயில் இருந்தபோது இங்கே பல்பு எரிந்தது என்பார்கள். எரிந்தது வாஸ்தவம், முதலில் எரிந்தது இயந்திரத்துக்கும் பங்களாவுக்கும்.

இந்த ஜனங்களுக்கு அரசாங்கம் தலைமைப் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. வாக்குரிமை இல்லை, வெகுகாலம் வரை சட்டப்படி சங்கம் வைக்கும் உரிமையும் இல்லை. ஆனாலும் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் சென்னைக்கு வெளியே வலுவாக வேர் பிடித்த இடங்களில் ஒன்று தங்கவயலின் மாரிகுப்பம். சாம்பியன் ரீஃப்பிலும் கிளை இருந்தது. 1890-இல் பிறந்த ஜி. அப்பாதுரையாருக்கு, 1907-இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியபோது பதினேழு வயது. பண்டிதர் மறைந்து அந்த இதழ் நின்றுபோன பிறகு, 1926-இல் அது மறுபடி தங்கவயலிலிருந்து வந்தது; அப்பாதுரையார் அதில் முன்னின்றார். சுரங்கத் தூசி படிந்த ஊரிலிருந்து ஒரு தமிழ் இதழ் வாராவாரம் அச்சாகி வெளியே போனது என்பதை நம் பத்திரிகை வரலாற்றில் இன்னும் சரியாக எழுதியபாடில்லை.

அந்தக் கால வாசிப்பு எப்படி நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எழுத்துத் தெரிந்தவர் குறைவு. ஒரு இளைஞன் இதழைப் பிரித்து உரக்கப் படிப்பான். சுற்றிலும் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள், ஷிஃப்ட்டுக்குப் போகப் போகிறவர்கள். படித்து முடித்ததும் கேள்வி வரும். “இப்ப படிச்சியே, அதுக்கு இன்னா அர்த்தம்?” தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும், தெரிந்துகொண்டு அடுத்த வாரம் வந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் நழுவினால் அடுத்த கூட்டத்தில் அவன் படிக்க முடியாது. கேட்பவர் எழுதப் படிக்கத் தெரியாதவர்தான். ஆனால் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் எந்தப் பாறை பிடிக்கும், எந்தப் பாறை விழும் என்று தட்டிப் பார்த்துச் சொல்கிறவர். பொய்ச் சத்தம் அவர் காதில் உடனே பிடிபடும்.

சந்தா வசூலும் அப்படித்தான். சங்கம் வந்த பிறகு, சம்பள நாளில் ரசீதுப் புத்தகத்தோடு லைன் லைனாகப் போகிறவன் இருபது இருபத்திரண்டு வயசுப் பையனாக இருப்பான். காசு கொடுப்பது வேலையாள் என்றாலும் வாசலில் நின்று விசாரிப்பது அவன் மனைவி. “போன மாசம் வாங்கினு போனியே, கூரை மாத்தித் தர்றதா சொன்னாங்களே, இன்னாப்பா ஆச்சு?” பதில் இல்லாமல் அடுத்த வாசலுக்குப் போக முடியாது, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தட்டிதான், இங்கே பேசுவது அங்கே கேட்கும். தலைமைப் பண்பு வளரத் தனியாக வகுப்பு எதற்கு? அந்த லைனை ஒரு முறை முழுக்கச் சுற்றி வந்தால் போதும்.

கேள்வி கேட்கும் இந்தப் பழக்கம் சங்கத்துக்கும் முந்தியது. 1930-இல், பதிவுபெற்ற சங்கம் என்று ஒன்றும் இல்லாத நாளிலேயே, விரல்ரேகை பதியச் சொன்ன உத்தரவை எதிர்த்துச் சுரங்கமே வேலைக்கு இறங்காமல் நின்றது. மூன்று வாரம். கூலி உயர்வுக்காக அல்ல, திருடர்களைப் போலத் தங்களிடம் ரேகை எடுப்பதற்கு எதிராக. 1946 நவம்பர் 4-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். கே.எஸ். வாசன், எம்.சி. நரசிம்மன் போன்ற கம்யூனிஸ்டுகளும், அம்பேத்கர் வழியில் வந்த சி.எம். ஆறுமுகம் போன்றவர்களும் இந்த மண்ணில் தலைவர்களானார்கள். 1954-இல் அம்பேத்கரே இங்கு வந்து போனார்.

எல்லாவற்றையும் பொற்காலமாக்கிவிடக் கூடாது. வாசலில் நின்று கேள்வி கேட்ட அந்தப் பெண்கள் மேடையில் ஏறியது அபூர்வம். சங்கங்கள் பின்னாளில் பிரிந்து பிரிந்து ஒன்றையொன்று வசைபாடிய காலமும் உண்டு. தலைவர் கார் வாங்கிய பிறகு லைனுக்கு வருவது குறைந்தது. வருவது குறைந்ததும் கேள்வி நின்றது. கேள்வி நின்றதும் பேச்சு நீண்டது. இது தங்கவயலுக்கு மட்டும் உரிய கதையல்ல.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு நடந்ததைப் பொருளாதாரச் சரிவு என்று மட்டும் எழுதுகிறார்கள். நான் வேறொன்றையும் சேர்ப்பேன்: ஊரின் பகல் போய்விட்டது. விடிவதற்கு முன்பே மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயில், உரிகம், கோரமண்டல், பங்காரப்பேட்டை என்று இளைஞர்களை அள்ளிக்கொண்டு நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்குப் போகிறது. பேத்தமங்களாப் பக்கத்துப் பிள்ளைகள் அதற்கும் முன்பே பஸ் பிடித்தால்தான் அந்த ரயிலைப் பிடிக்க முடியும். கடை, கம்பெனி, ஆஸ்பத்திரி, கட்டட வேலை. இரவு வீடு திரும்பும்போது தெருவில் நாய்தான் விழித்திருக்கும். ஊராட்சி அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் அவர்கள் ஊரில் இல்லை. அவர்கள் ஊரில் இருக்கும் நேரத்தில் ஊராட்சி திறந்திருப்பதில்லை. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொதுக்காரியத்தில் அக்கறை இல்லை’ என்று சொல்லும் பெரியவர்கள், அக்கறை காட்ட அவர்களுக்கு எந்த மணி நேரம் மிச்சமிருக்கிறது என்று யோசிப்பதில்லை. சுரங்கத்தில் எவ்வளவோ கொடுமை இருந்தது. ஆனால் ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தவன் அரைமணி நேரத்தில் தன் லைனில் இருந்தான். மீதி நேரம் அவன் ஊருக்குச் சொந்தம்.

தண்ணீர்க் கதையும் இதே திசையில்தான் போனது. கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு நீர்கண்டி என்று ஒருவர் இருப்பார். மதகைத் திறப்பதும் மூடுவதும், யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைத்துப் பாய்ச்சுவதும் அவர் வேலை. பெரும்பாலும் தலித். ஏரிக்குக் கீழே பெரிதாக நிலம் எதுவும் இருக்காது. அறுவடையில் ஊர் கொடுக்கும் தானியம்தான் கூலி. கடைமடைக்காரன் பயிர் காய்ந்தால் நேராக அவர் வீட்டு வாசலுக்குத்தான் வருவான். அவர் மகன் சிறுவயதிலிருந்தே கூட நடந்து, எந்த மதகில் எத்தனை விரற்கடை திறந்தால் எந்த வாய்க்கால் நிறையும் என்று கற்றுக்கொள்வான். கூடவே, வாசலில் நிற்பவனுக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதையும். சாதி அவர் தலையில் கட்டிய வேலை அது, புகழ்வதற்கில்லை. ஆனாலும் ஊரின் மிகப் பெரிய சொத்தை ஒருவர் கையில் கொடுத்து, தினமும் எல்லோர் கண் முன்னாலும் அவரைப் பதில் சொல்ல வைத்த ஏற்பாட்டில் இன்று நம் அலுவலகங்களில் இல்லாத ஏதோ ஒன்று இருந்தது.

ஏரித் தண்ணீர் குழாயில் ஏறியதும், குழாய் பல கைகளுக்கு மாறியதும், கேள்வி கேட்க வாசல் இல்லாமல் போனது. மழை பொய்த்து ஏரி வறண்ட வருஷங்களில் போர்வெல் ஆயிரம் அடிக்கும் கீழே போனது. மாவட்டம் முழுக்க ஃப்ளோரைடு. அதற்கும் ஒரு தீர்வு வந்தது. ஊர் முனையில் சுத்திகரிப்பு நிலையம். காசு போட்டால் கேன் நிறையும். வசதியுள்ளவர்களுக்கு டேங்கர். நல்லதுதான், குழந்தைகளின் பல்லும் எலும்பும் பிழைத்தன. ஆனால் காசு போட்டுத் தண்ணீர் பிடிக்கிறவன் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. மெஷின் வேலை செய்யாவிட்டால் அடுத்த தெரு மெஷினுக்குப் போவான். வாங்குகிறவன் கடையை மாற்றலாம். ஊரை மாற்ற முடியாதவன்தான் நின்று கேட்பான். இப்போது வளரும் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே வாங்குகிறவர்களாகப் பழக்கிவிட்டு, பதினெட்டு வயதானதும் திடீரென்று குடிமக்களாக இருக்கச் சொல்கிறோம்.

2021 நவம்பரில் பேத்தமங்களா ஏரி நிரம்பிக் கோடி போனது. செல்ஃபி எடுக்கப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூட்டம். அதில் தப்பில்லை, எத்தனையோ வருஷத்து ஏக்கம். அந்தக் கூட்டத்தில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, ‘கரையில் அந்த இடத்தில் ஈரம் கசிகிறதே, யாரிடம் சொல்ல வேண்டும்?’ என்று நினைத்திருந்தால், அவளுக்கு ஒரு வாசல் இருந்ததா?

காகிதத்தில் இருக்கிறது. கர்நாடகத்தில் ஊராட்சிதோறும் வருஷத்துக்கு ஒருமுறை மக்கள கிராம சபை, அதாவது பிள்ளைகளுக்கான கிராம சபை, நடத்தச் சொல்லி அரசு சுற்றறிக்கை அனுப்புகிறது. இதற்கு வழிகாட்டியவர்கள் அதிகாரிகள் அல்லர். வேலைக்குப் போன சிறுவர் சிறுமியர். 1990-இல் ‘பீம சங்கம்’ என்று தங்களுக்கென ஒரு சங்கம் வைத்துக்கொண்டு, பின்பு கடலோர உடுப்பிப் பக்கம் பிள்ளைகள் பஞ்சாயத்துகளில் இறங்கினார்கள். குந்தாபுரம் வட்டத்தில் வீடு வீடாகப் போய்த் தாங்களே கணக்கெடுத்து, ஊராட்சிகளின் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்தார்கள். ‘எங்களுக்குப் பாலம் வேண்டும்’ என்று சொன்னால் பெரியவர்கள் தலையைத் தடவிவிட்டு அனுப்பிவிடுவார்கள். ‘மழைக்காலத்தில் இத்தனை நாள், இத்தனை பேர் ஓடையைக் கடக்க முடியாமல் பள்ளிக்கூடம் போகவில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் தடவ முடியாது, பதில்தான் சொல்ல வேண்டும். இன்னொன்றும் நடக்கும். கணக்கெடுத்தவர்களே அந்தக் கணக்குக்குப் பொறுப்பு. தப்பாக எண்ணியிருந்தால் சபையில் மாட்டிக்கொள்வார்கள்.

இந்தச் சபைகள் பல இடங்களில் எப்படி நடக்கின்றன என்பதும் தெரிந்ததுதான். ஷாமியானா, மாலை, தலைவர், பி.டி.ஓ. என்கிற ஊராட்சி வளர்ச்சி அதிகாரி, வரவேற்புப் பாட்டு. டீச்சர் எழுதிக் கொடுத்த கேள்வியை ஒரு பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கும். கழிப்பறைக்குக் கதவில்லை, பஸ் நிற்பதில்லை, பள்ளிக்குப் பக்கத்தில் மதுக்கடை. எல்லோரும் கை தட்டுவார்கள். ‘கவனிக்கிறோம்’ என்று பதில். பிஸ்கட். அடுத்த வருஷம் அதே ஷாமியானா, வேறு பிள்ளை, அதே கதவு.

கேள்வி கேட்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம் என்று நாம் பெருமைப்படும் இடத்திலேயே கோளாறு இருக்கிறது. முதல் முறை கேட்பது எளிது. அதற்குக் கைதட்டல் கிடைக்கும். இரண்டாம் முறை கேட்பவனைத்தான் யாருக்கும் பிடிப்பதில்லை. ‘போன வருஷம் இதே இடத்தில் கதவு போடுவதாகச் சொன்னீர்களே’ என்று ஒரு பிள்ளை எழுந்தால் மேடை நெளியும். டீச்சர் கண்ணைக் காட்டுவார். அந்த நெளிவில்தான் ஒருவர் பொறுப்புள்ள தலைவராகிறார், இன்னொருவர் குடிமகளாகிறார். இருவரும் ஒரே நேரத்தில், ஒருவரை ஒருவர் வைத்து. மேடையில் இருப்பவருக்குப் பொறுப்பு என்பது பிறவிக் குணமல்ல. திரும்ப வந்து கேட்க ஆள் இருக்கிறார் என்ற நினைப்பு நாளடைவில் பழகிப் போய்க் குணம் மாதிரித் தெரிகிறது, அவ்வளவே. லைனில் ரசீதுப் புத்தகத்தோடு நின்ற பையனை ஆளாக்கியது அவனுடைய நல்ல மனசு மட்டுமா? அடுத்த சம்பள நாளில் அதே வாசலில் அதே அம்மா நிற்பார் என்பதும்தானே.

பிள்ளைகளைக் கேட்கிறவர்களாக மட்டும் வளர்ப்பதும் அரைவேலை. அவர்களிடமும் கேட்க வேண்டும். எதையாவது நிஜமாகவே அவர்கள் பொறுப்பில் விட வேண்டும். கெட்டுப்போனால் கெட்டுப்போகக்கூடியதாக அது இருக்க வேண்டும். 2020-க்குப் பிறகு கர்நாடகத்தில் ஊராட்சி நூலகங்களுக்கு உயிர் வந்து, பிள்ளைகளுக்கு இலவச உறுப்பினர் அட்டை கொடுத்தார்கள். அந்த நூலகத்தின் சாவியை, எந்தப் புத்தகம் யாரிடம் போயிருக்கிறது என்ற பதிவேட்டை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரிடம் ஒரு வருஷத்துக்குக் கொடுத்தால் என்ன? நாலு புத்தகம் காணாமல் போகும். போகட்டும். காணாமல் போனதற்கு ஊர் முன்னால் நின்று பதில் சொல்லும் அந்தப் பதினைந்து நிமிஷம், எந்தத் தலைமைப் பயிற்சி முகாமாலும் தர முடியாதது. ஏரி மட்டத்தை வாரம் ஒருமுறை அளந்து பலகையில் எழுதுவதும் அவர்கள் வேலையாக இருக்கலாம். அளக்காமல் எழுதினால் மாடு மேய்ப்பவரே சொல்லிவிடுவார்.

சட்டமும் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. 1989-இல் வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்தோம். ஊராட்சிக்கு நிற்க 21, சட்டசபைக்கு நிற்க 25. பதினெட்டில் மற்றவரைத் தேர்ந்தெடுக்கும் புத்தி வந்துவிடுகிறது, தான் பதில் சொல்லும் புத்தி பிறகுதான் வரும் போல. இதை எதிர்த்துப் போராட்டம் எதுவும் தேவையில்லை. அந்த இடைவெளியை நிரப்பச் சட்டத்தைத் தொடாமலேயே ஊராட்சி அளவில் நிறையச் செய்யலாம்.

ஒன்று, பிள்ளைகள் சபை எதுவானாலும் முதல் அரைமணி நேரம் போன வருஷத்துத் தீர்மான நோட்டைப் பிள்ளைகளே உரக்கப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடந்தது, நடக்கவில்லை, ஏன் என்று பி.டி.ஓ. சொல்லி அது எழுத்தில் ஏற வேண்டும். அதன் பிறகு பிள்ளைகள் தாங்கள் ஏற்றுக்கொண்ட வேலைக்கு அதே முறையில் பதில் சொல்ல வேண்டும். வரவேற்புப் பாட்டு கடைசியில் இருக்கட்டும். இன்னொன்று, தங்கவயல் பக்கத்து ஊராட்சிகளிலாவது வார்டு சபையும் கிராம சபையும் ஞாயிற்றுக்கிழமை கூட வேண்டும். மற்ற நாளில் கூட்டினால் வயசானவர்களும் ஒப்பந்தக்காரர்களும்தான் வருவார்கள். அதிகாரிகளுக்கு ஞாயிறு வேலை கஷ்டம் என்றால் திங்கள்கிழமை ஈடுவிடுப்பு கொடுத்துவிடலாம். மாரிகுப்பம் ரயில் ஏறுகிறவர்களுக்குத்தான் திங்கள்கிழமை விடுப்பு கிடையாது.